முகமும் பெயரும்: காலனியக் காலச் சென்னை, அமெரிக்க உருவ ஓவியங்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

உருவ ஓவியம் என்பது ஒருவரின் சாயலைத் திரைச்சீலையில் பதிக்கும் கலை மட்டும் அன்று. வரையப்படும் தகுதி யாருக்கு உண்டு, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் தகுதி யாருக்கு உண்டு, யாருடைய பெயர் சட்டகத்தின் கீழ் பொறிக்கப்பட வேண்டும் என்பனவற்றையும் அது முடிவு செய்கின்றது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஆங்கிலேயர் ஆண்ட நிலப்பகுதிகளில் தோன்றிய உருவ ஓவியங்களை நோக்குங்கால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

இவ்வோவியங்களைக் கலை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் தனித்தனி நாட்டு வரலாறுகளாகவே நோக்கி வந்துள்ளனர். அமெரிக்க ஓவியம் அமெரிக்காவின் கதையாகவும், இந்தியாவில் ஆங்கிலேயர் வரைந்தவை வேறொரு கதையாகவும் பேசப்பட்டன. பின்னதற்கு மில்ட்ரெட் ஆர்ச்சர் 1979இல் வெளியிட்ட நூல் இன்றளவும் அடிப்படையாக விளங்குகின்றது. ஆயினும் பாஸ்டனும் சென்னையும் ஒரே வணிக வலையின் இரு முனைகள். ஒரே ஓவியர் இரு கரைகளையும் வரைந்ததுண்டு. ஒரே தலைவர் இரு கரைகளிலும் வரையப்பட்டதுண்டு. எனவே, இரண்டையும் ஒருங்கே வைத்து, ஓவியத்தில் முகமும் பெயரும் எவ்வாறு இணைகின்றன, எவ்வாறு பிரிகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பினாங்கில் வாழும் தமிழராகிய நமக்கு இவ்வினா ஏன் முக்கியமானது என்பது இறுதிப் பகுதியில் விளக்கப்படும்.

தமிழ் மரபில் உருவமும் பெயரும்

ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே தமிழகத்தில் உருவக் கலை தோன்றியது எனக் கருதுவது பொருந்தாது. தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் படிநிலைகளை வரிசைப்படுத்திக் கூறுகின்றது. தமிழகத்தில் கிடைத்துள்ள நடுகற்கள் பலவற்றில் வீரனின் உருவமும், அவன் பெயரும், அவன் வீழ்ந்த காரணமும் ஒரே கல்லில் இடம்பெறுகின்றன. மாமல்லபுரத்து ஆதிவராகர் குடைவரையில் பல்லவ மன்னர் இருவரின் உருவங்கள் அரசியரோடு செதுக்கப்பட்டு, மேலே பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. மதுரைப் புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயர உருவங்களாகக் கைகூப்பி நிற்கின்றனர்.

இவற்றில் இரு கூறுகள் கவனத்திற்குரியவை. ஒன்று, உருவமும் பெயரும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. முகச்சாயல் எவ்வளவு துல்லியமாக அமைந்தது என்பதைவிடப் பெயரும் செயலும் நிலைபெற்றனவா என்பதே மரபின் கவலை. மற்றொன்று, கோயில் உருவங்களின் முகம் காண்போரை நோக்கியதன்று, இறைவனை நோக்கியது. அரசனும் அங்கே அடியவனே. ஐரோப்பிய உருவ ஓவியமோ காண்பவரை நேருக்கு நேர் பார்க்கின்றது. தன்னை மதிக்குமாறு அவரைப் பணிக்கின்றது.

இரு மரபுகளும் சந்தித்த இடமாகத் தஞ்சையைக் குறிப்பிடலாம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னருக்கு ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் வெண்பளிங்கில் சிலை வடித்தார். கல்லும் உளியும் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. கூப்பிய கைகளோ புதுமண்டபத்தைச் சேர்ந்தவை. ஆட்சி அதிகாரத்தைக் கும்பினியாரிடம் இழந்த மன்னர், தம் உருவத்தின் நிலையையாவது தம் மரபிலேயே வைத்துக்கொண்டார் என இதனைக் கொள்ளலாம்.

பாஸ்டனில் பிறந்த சென்னை ஆளுநர்

சென்னையையும் அமெரிக்காவையும் இணைக்கும் முதல் முகம் எலிகு யேல் என்பாருடையது. 1649இல் பாஸ்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்ற இவர், 1672இல் சென்னைக்கு வந்தார். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். தம் சொந்த வணிகம் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவியிழந்த போதிலும் பெருஞ்செல்வத்துடன் இலண்டன் திரும்பினார். 1718இல் கனெக்டிகட்டிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு 417 நூல்களையும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவ ஓவியம் ஒன்றையும், ஒன்பது பொதிச் சரக்குகளையும் அனுப்பினார். அச்சரக்குகள் 562 பவுனுக்கு விலைபோயின. அந்நன்கொடைக்கு நன்றியாகவே அக்கல்லூரி யேல் எனப் பெயர் பெற்றது. கிழக்கிந்திய வணிகத்தில் ஈட்டிய பொருளும் ஓர் அரசரின் உருவ ஓவியமும் ஒரே கப்பற்பயணமாக அமெரிக்கக் கரையை அடைந்தன என்பது இவண் குறிப்பிடத்தக்கது.

யேல் தம் குடும்பத்தாருடன் அமர்ந்திருக்கும் ஓவியம் ஒன்று இப்பொழுது யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளது. ஏறத்தாழ 1719ஆம் ஆண்டினதாகவும், ஜான் வெரெல்ஸ்ட் வரைந்ததாகவும் அது கருதப்படுகின்றது. இதே வெரெல்ஸ்ட்தான் 1710இல் இலண்டனுக்கு வந்த அமெரிக்கப் பழங்குடித் தலைவர் நால்வரையும் வரைந்தவர். அந்நால்வருக்கும் தனித்தனி ஓவியங்கள் அமைந்தன; அவர்தம் பெயர்களும் பதிவாயின. அரசியலில் அவர்களின் நட்பு தேவைப்பட்டது. ஆகவே முகமும் பெயரும் கிடைத்தன.

யேலின் குடும்ப ஓவியத்திலோ நிலைமை வேறு. மேசையைச் சுற்றிச் செல்வர்கள் அமர்ந்திருக்கின்றனர். பின்னணித் தோட்டத்தில் குழந்தைகள் விளையாடுகின்றனர். வலப்பக்கத்தில், ஏறத்தாழப் பத்து வயதுடைய கறுப்பினச் சிறுவன் ஒருவன் மது பரிமாறும் பணியில் நிற்கின்றான். அவன் கழுத்தில் பூட்டுடன் கூடிய வெள்ளி வளையம் மாட்டப்பட்டுள்ளது. ஓவியரின் கைத்திறம் அவ்வளையத்தின் ஒளியைத் தவறவிடவில்லை. மேசைமீதுள்ள கண்ணாடிக் கிண்ணத்திற்குத் தந்த அதே கவனத்தை அதற்கும் தந்துள்ளது. இரண்டும் உடைமைகளே என்பது அதன் பொருள். அச்சிறுவனின் வயதையொத்த குழந்தைகள் பின்னால் விளையாடிக்கொண்டிருப்பதுதான் இவ்வோவியத்தின் கொடுமையை மிகுவிக்கின்றது.

2020 அக்டோபரில் கலை மையம் இவ்வோவியத்தைச் சுவரிலிருந்து இறக்கியது. அவ்விடத்தில் டைடஸ் கபார் என்னும் அமெரிக்க ஓவியர் 2016இல் படைத்த ஓவியம் வைக்கப்பட்டது. அதில் செல்வர்கள் கசங்கிய திரைச்சீலையின் மடிப்புகளுக்குள் மறைந்துவிட, சிறுவனின் முகம் மட்டும் பொற்சட்டகத்திற்குள் நம்மைப் பார்க்கின்றது. கழுத்தில் வளையம் இல்லை. ஆய்வுக்குப் பின்னர்ப் பழைய ஓவியமும் புதிய விளக்கத்துடன் மீண்டும் காட்சிக்கு வந்தது. ஆய்வாளர்கள் ஓவியத்தின் காலத்தையும் அமர்ந்திருப்போரின் அடையாளங்களையும் திருத்தினர். சிறுவனின் பெயர் மட்டும் கிட்டவில்லை.

தமிழராகிய நமக்கு இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. யேல் சென்னையில் இருந்தவர். அவர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதைக் கோட்டை ஆவணங்கள் காட்டுகின்றன. ஆதலால் அச்சிறுவனும் சோழமண்டலக் கரையினன் என எழுதிவிடும் ஆவல் எழலாம். அதற்குச் சான்று இல்லை. ஒருவன் பெயரை அழித்தது ஒரு தவறு. அவ்விடத்தில் நமக்கு விருப்பமான பெயரை எழுதுவது இன்னொரு தவறு. சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்டோரின் வரலாற்றை ஆவணங்களின் துணையுடன் எழுதுவதே நம் கடமை. அச்சிறுவனின் முகத்தை அதற்கு விளக்கப்படமாகக் கடன் வாங்குதல் முறையன்று.

தூணும் திரையும்: நவாபும் பாஸ்டன் வணிகரும்

சென்னைக்கு வந்த ஆங்கில உருவ ஓவியர்களுள் முதன்மையானவர் டில்லி கெட்டில். 1769இல் வந்திறங்கிய இவர், ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவை வரைந்தார். நவாபும் ஐந்து மைந்தரும் உள்ள ஓவியம் 1771இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் வந்த ஜார்ஜ் வில்லிசனும் நவாபைப் பலமுறை வரைந்தார்.

இவ்வோவியங்களில் நவாப் மெல்லிய வெண்மஸ்லின் அங்கியும் முத்துமாலைகளும் அணிந்து, வாளுடன் நிமிர்ந்து நிற்கின்றார். பின்னணி ஐரோப்பிய அரசர் ஓவியங்களுக்குரிய தூணும் திரையும் கொண்டது. அக்காலத்து நவாபின் உண்மை நிலையோ வேறு. அவர் கும்பினி அலுவலருக்கும் தனி வணிகருக்கும் பெருங்கடன் பட்டிருந்தார். அக்கடன்கள் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நெடிய உரையாற்றினார். 1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டது. தம் உருவ ஓவியங்களை இலண்டனுக்கு அனுப்பியதன்வழி, கும்பினியைக் கடந்து, ஓர் அரசர் மற்றோர் அரசருடன் பேசும் உரிமையை நவாப் நிலைநாட்ட முயன்றார் எனலாம். ஓவியத்தில் அரசுரிமை நிறைந்து நின்றது. நிலத்தில் அது கரைந்துகொண்டிருந்தது.

இதே காலத்தில் பாஸ்டனில் ஜான் சிங்கிள்டன் காப்ளி வணிகர்களை வரைந்துகொண்டிருந்தார். 1738இல் பிறந்த காப்ளி, அமெரிக்கக் காலனிகள் தந்த ஓவியர்களுள் தலைசிறந்தவர். அங்கே மக்கள் ஓவியத்தைத் தச்சு, தையல் போன்றதொரு கைத்தொழிலாகவே மதிக்கின்றனர் என அவர் கடிதமொன்றில் வருந்தியுள்ளார். 1767இல் அவர் வரைந்த நிக்கலஸ் பாய்ல்ஸ்டன் என்னும் வணிகரின் ஓவியம் நம் கவனத்திற்குரியது. அதில் அவ்வணிகர் 'பனியன்' எனப்பட்ட, கீழைநாட்டு உடையைத் தழுவிய பட்டு அங்கியும் தலைப்பாகை போன்ற குல்லாயும் அணிந்து, சாய்ந்து அமர்ந்திருக்கின்றார். பின்னால் கனத்த திரை தொங்குகின்றது.

இரு ஓவியங்களையும் அருகருகே வைத்து நோக்கினால், பண்டங்களும் பாவனைகளும் கைமாறியிருப்பது புலனாகும். ஆர்க்காட்டு நவாப் ஐரோப்பியத் தூணைத் தமக்குப் பின்னால் நிறுத்திக்கொள்கின்றார். பாஸ்டன் வணிகர் கீழைநாட்டு அங்கியைத் தம்மேல் போர்த்திக்கொள்கின்றார். நவாபுக்குத் தூண் தேவைப்பட்டது, தம் அரசுரிமையை ஐரோப்பியர் ஐயுற்றதனால். வணிகருக்கு அங்கி அலங்காரமே. அவருடைய உரிமையை ஐயுறுவார் இல்லை. ஒரே ஓவிய மொழி, பேசுபவரைப் பொறுத்துப் பொருள் மாறுகின்றது.

இவ்விருவரையும் பிணைத்த கயிறு கிழக்கிந்தியக் கும்பினியே. 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை கும்பினியின் சரக்கு. அதனை விற்கும் பொறுப்பேற்றிருந்தோருள் காப்ளியின் மாமனார் ரிச்சர்டு கிளார்க்கும் ஒருவர். அதனையடுத்து 1774இல் காப்ளி அமெரிக்காவை விட்டு வெளியேறினார், மீண்டும் திரும்பவில்லை.

மெக்கன்சியின் பக்கத்தில் நிற்போர்

தமிழாய்வாளர் அனைவரும் அறிந்த பெயர் காலின் மெக்கன்சி. அவர் திரட்டிய சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் கைபீதுகளும் இன்றி, தென்னிந்திய வரலாற்றின் பல பக்கங்களை எழுத இயலாது. 1816இல் தாமஸ் ஹிக்கி என்னும் அயர்லாந்து ஓவியர் சென்னையில் அவரை வரைந்தார். இவ்வோவியம் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

செந்நிறச் சீருடையில் மெக்கன்சி நடுவில் நிற்கின்றார். அவரைச் சூழ இந்தியர் மூவர் உள்ளனர். ஒருவர் தொலைநோக்கியை ஏந்தியுள்ளார். அவர் கிருஷ்ணாஜி என்னும் சேவகர் என்பர். ஓலைச்சுவடியுடன் காணப்படுவோர் அவருடைய பண்டிதர்கள். சமண அறிஞர் தர்மய்யா, காவலி வேங்கட லட்சுமய்யா ஆகியோராக அவர்களை ஆய்வாளர் அடையாளம் காண்கின்றனர். தொலைவில் கார்க்களத்துக் கோமடேசுவரர் சிலை தெரிகின்றது.

இவ்வோவியம் யேலின் ஓவியத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது. பக்கத்தில் நிற்போர் முகமற்ற நிழல்கள் அல்லர். ஒவ்வொருவரின் தோற்றமும் உடையும் தனித்தன்மையுடன் தீட்டப்பட்டுள்ளன. ஓலையைப் படிக்கும் அறிவு தமக்கு இல்லை, தம் அருகில் நிற்போருக்கே உண்டு என்பதை மெக்கன்சியே ஒப்புக்கொள்வது போன்ற அமைப்பு இது. காவலி உடன்பிறந்தோரின் துணையின்றி அத்தொகுப்பு உருவாகியிராது என்பது ஆய்வுலகம் அறிந்தது. ஆயினும் ஓவியத்தின் மையமும் செந்நிறமும் ஒருவருக்கே உரியன. ஓலை வைத்திருப்பவர் அறிவின் உரிமையாளராக அன்றி, அறிவின் கருவியாகவே நிறுத்தப்பட்டுள்ளார். நூலகங்களில் அத்தொகுப்பு மெக்கன்சி சுவடிகள் என்றே வழங்குவது இவ்வோவிய அமைப்பின் தொடர்ச்சியே எனலாம்.

அமெரிக்காவிலும் இதற்கு நிகரான ஓவியம் ஒன்றுண்டு. 1780இல் ஜான் டிரம்புல் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டன் ஓவியத்தில், அவருடைய அடிமையான வில்லியம் லீ குதிரையுடன் பின்னால் நிற்கின்றார். அவருக்குத் தலைப்பாகை அணிவிக்கப்பட்டுள்ளது. வர்ஜீனியாவில் வாழ்ந்த ஒருவருக்குத் தலைப்பாகை எதற்கு? பணியாளன் கீழைநாட்டுக் கோலத்தில் தோன்றுவதே தலைவனுக்குப் பெருமை என்னும் ஐரோப்பிய ஓவிய வழக்கே காரணம். லீயின் பெயர் இன்று நமக்குத் தெரிவது ஓவியத்தால் அன்று. 1799இல் வாஷிங்டன் எழுதிய உயிலால். அதில் லீக்கு விடுதலையும் ஆண்டுத்தொகையும் வழங்கப்பட்டன. ஓவியம் முகத்தைத் தந்தது. ஆவணமே பெயரைத் தந்தது.

தூரிகை கைமாறிய இடம்

வரையப்படுவோர் பற்றி மட்டும் பேசிவிட்டு வரைவோரை விட்டுவிடலாகாது. பால்டிமோர் நகரில் ஏறத்தாழ 1790 முதல் 1820கள் வரை ஓவியத்தொழில் செய்த ஜோஷுவா ஜான்சன், அடிமைத்தாய்க்குப் பிறந்து 1782இல் விடுதலை பெற்றவர். எண்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் அவருடையவை எனக் கொள்ளப்படுகின்றன, கையொப்பமுள்ளது ஒன்றே. வணிகர், கப்பல் தலைவர் ஆகியோரின் குடும்பங்களுக்கு முகம் தந்தவர், தம் பெயரை ஓவியத்தில் அரிதாகவே எழுதினார்.

தென்னிந்தியாவில் கும்பினி அலுவலருக்காகச் சாதியும் தொழிலும் காட்டும் படத்தொகுதிகளை வரைந்த ஓவியர் பலரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. அப்படங்களில் உள்ளோருக்கும் பெயரில்லை; குயவர், நெசவாளர், தட்டார் என்னும் வகைப்பெயரே உண்டு. இந்நிலையில் வேலூர் எல்லப்பா 1830களில் தம்மையே, தொழில் செய்யும் நிலையில் வரைந்துகொண்ட ஓவியம் தனிச்சிறப்புடையது. 2019-2020இல் இலண்டன் வாலஸ் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சி அவரைப் பலரும் அறியச் செய்தது. பிறரை வகைமாதிரிகளாக வரைந்து கொடுத்த கை, தன்னை மட்டும் வகைமாதிரியாக வரைய மறுத்தது. முகமும் பெயரும் மீண்டும் ஒன்று சேர்ந்த இடம் இது. நடுகல் மரபின் அறம் நீர்வண்ணத்தில் திரும்பி வந்ததாகவும் இதனைக் கருதலாம்.

பினாங்கு: கோட்டையும் சிலையும்

ஜார்ஜ் டவுன் கடற்கரையில் நிற்கும் கோட்டைக்குக் கார்ன்வாலிஸ் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் தோற்ற அதே கார்ன்வாலிஸ்தான், 1786இல் இந்தியத் தலைமை ஆளுநராகி, 1792இல் திப்பு சுல்தானின் மைந்தர் இருவரைப் பிணையாகப் பெற்றவர். டிரம்புல் வரைந்த யார்க்டவுன் சரணாகதி ஓவியம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் உள்ளது. நோயைக் காரணம் காட்டிச் சரணடையும் நிகழ்வுக்கு வராததால் அதில் கார்ன்வாலிஸ் இல்லை. பிணை மைந்தரை அவர் ஏற்கும் காட்சியையோ இராபர்ட் ஹோம் உட்படப் பலர் வரைந்தனர். அவர்களுள் பாஸ்டனில் பிறந்த மேதர் பிரவுனும் ஒருவர். ஜெபர்சனை 1786இல் வரைந்த தூரிகையே, இந்தியாவைக் காணாமலே திப்புவின் மைந்தரையும் வரைந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்திலும் அக்காட்சியே செதுக்கப்பட்டது. தோல்வியில் முகம் மறைந்தது. வெற்றியில் முகம் பெருகியது.

பினாங்குக் கோட்டையிலுள்ள பிரான்சிஸ் லைட் சிலையின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. 1786இல் இத்தீவைக் கும்பினிக்காக எடுத்துக்கொண்ட லைட், 1794இல் இறந்தார். நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 1936இல் சிலை எழுப்ப முனைந்தபோது, நம்பத்தகுந்த உருவப்படம் ஏதும் கிடைக்கவில்லை. ஆகவே, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை அமைத்த அவர் மகன் வில்லியம் லைட்டின் சாயலைக் கொண்டு சிலை வடிக்கப்பட்டது. நாம் காண்பது தந்தையின் பெயரும் மகனின் முகமும் ஆகும். அதிகாரம் இருக்குமிடத்தில் இல்லாத முகத்தையும் உண்டாக்கிக்கொள்ள இயலும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

அதே தீவில் லைட்டின் காலத்திலேயே குடியேறியிருந்த சோழமண்டலக் கரைச் சூலியர், தெருப்பெயராகவும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயராகவும் எஞ்சி நிற்கின்றனர். யேலின் ஓவியத்துச் சிறுவனுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. சூலியருக்குப் பெயர் உண்டு, முகம் இல்லை. லைட்டுக்குப் பெயரும் உண்டு, கடன் வாங்கிய முகமும் உண்டு. காலனியக் கால உருவக்கலையின் அறச்சிக்கல் முழுவதும் இம்மூன்றனுள் அடங்கிவிடுகின்றது.

முடிவுரை

வகுப்பறையிலும் நூல்களிலும் காலனியக் கால ஓவியங்களை நாம் பெரும்பாலும் பாடத்திற்கு அழகு சேர்க்கும் படங்களாகவே பயன்படுத்துகின்றோம். இலக்கியப் பனுவலுக்குத் தரும் நுண்வாசிப்பை ஓவியத்திற்கும் தருதல் வேண்டும். யார் மையத்தில் உள்ளார், யார் ஓரத்தில் உள்ளார், யார் எதைக் கையில் ஏந்தியுள்ளார், யாருடைய பெயர் விடுபட்டுள்ளது என்னும் வினாக்களை மாணவர் எழுப்பப் பழகினால், ஓவியமும் ஒரு வரலாற்று ஆவணமாக அவர்களுக்குத் திறக்கும். தமிழாசிரியர்க்கு இது புதிய பயிற்சியன்று. கூற்று யாருடையது, கேட்போர் யார் என அகப்பாடலை வகுத்துக் காணும் நம் மரபிலேயே இதற்கான வழி உள்ளது.

பினாங்குத் தமிழரின் தொடக்க வரலாற்றை எழுதுவோர் முகம் தேடி அலைய வேண்டியதில்லை. நிலப்பதிவுகள், பள்ளிவாசல், கோயில் அறக்கட்டளை ஆவணங்கள், நீதிமன்ற வழக்கேடுகள், உயில்கள் ஆகியவற்றில் பெயர்கள் உள்ளன. வில்லியம் லீயின் பெயரை மீட்டுத் தந்தது ஓர் உயிலே என்பதை நினைவிற்கொள்ளலாம். அப்பெயர்களைத் திரட்டி, அவற்றுக்குரியோர் செய்த செயல்களோடு சேர்த்துப் பதிவதே இப்பொழுது செய்ய வேண்டிய பணி. லைட்டுக்குச் செய்தது போல வேறொருவர் சாயலை அவர்களுக்குச் சூட்டிவிடக் கூடாது. உருவம் கிட்டாத இடத்தை வெறுமையாகவே விட்டு, பெயரையும் செயலையும் பிழையின்றிப் பொறித்தல் போதும்.